பழைய மோட்டாருக்கு எந்தப் புரொப்பல்லர்?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு போன். ஊர்க்காரப் பையன், எனக்கு மச்சான் முறை. நலம் விசாரிப்பு முடிஞ்சதும் விஷயத்துக்கு வந்தான்.

"மாப்ள, அப்பா வள்ளத்து மோட்டாருக்குப் புரொப்பல்லர் போச்சாம். நீ பம்பாய்லதானே இருக்க, நல்லதா ஒண்ணு பாத்து அனுப்பு. ரூபாய் பிரச்சினையில்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே எடு. கொஞ்சம் பெருசா எடு, அப்பாவுக்கு ஸ்பீடு கிடைக்கட்டும்."

"வாங்கித் தர மாட்டேன்"னு சொல்லிட்டேன். அவனுக்குக் கோபம். அரை மணி நேரம் காரணம் சொன்னேன். பாதியில் கார்டு தீர்ந்து லைன் போகிற காலம் இல்லையே இப்போ, வாட்ஸப்பில் முழுசா கேட்டுத்தான் ஆகணும், பாவம். சொன்னதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து கிளம்பி எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற நம்ம ஆட்கள் எல்லோருக்கும் என்றைக்காவது இந்த போன் வரும்.

முதலில் என் தப்பைச் சொல்லிடறேன்.

எங்க சித்தப்பாவுக்கு குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு ஃபைபர் வள்ளம். 15 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், 2006-இல் வாங்கினது. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டுவாங்க, அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது போல. 2022 ஆகஸ்டில் பாறையில் தட்டி புரொப்பல்லரின் ஒரு றெக்கை உடைஞ்சுபோச்சு. சித்தி போனில் சொன்னாங்க. நான்தான் மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆச்சே (ஆபீஸில் பதினாறு வருஷமா எக்ஸல் ஷீட்டைத் தவிர எந்த மெஷினையும் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்). "சித்தப்பா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டேன்.

கடைக்குப் போனேன். 11 இஞ்ச் பிட்ச் புரொப்பல்லர் பளபளன்னு இருந்தது. பிட்ச் அதிகம்னா ஸ்பீடு அதிகம் என்று எங்கேயோ படிச்ச ஞாபகம். அங்கே ஓரமாக உட்கார்ந்திருந்த வயசான மெக்கானிக் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மோட்டர் கித்னா புரானா ஹை?" மோட்டாருக்கு எவ்வளவு வயசு என்று. "அச்சா ஹை, அச்சா ஹை"ன்னு சொல்லி பணத்தைக் கட்டிட்டு வந்துட்டேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போன ஒருத்தர் கையில் பார்சலும் போயாச்சு.

செப்டம்பரில் கேட்டேன், "எப்படி ஓடுது சித்தப்பா?" "நல்லா ஓடுது மக்கா." அக்டோபரில் கேட்டேன். "ஒரு கொறையும் இல்ல மக்கா." டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனால் மோட்டார் மெக்கானிக் கடையில் பிரிஞ்சு கிடக்கு. ஒரு பிஸ்டன் சீஸ் ஆகி சிலிண்டரில் கோடு கோடாக உரசல். மெக்கானிக் புரொப்பல்லரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத இந்த மோட்டாருக்கு எவன் மாட்டினான்?" சித்தப்பா தரையைப் பார்த்துக்கிட்டு நின்றார்.

அப்புறம்தான் சித்தி சொன்னாங்க. முதல் நாளே அவருக்குத் தெரியும். மோட்டார் முக்குது, ஏற மாட்டேங்குது, கரை அலையைத் தாண்டும்போது இழுவை பத்தலை. "பிறகு ஏன் சித்தப்பா களட்டல?"ன்னு கேட்டேன்.

"நீ அனுப்புனதுல்லா மக்கா. களட்டிப் போட மனசு வரல்ல."

நாலு மாசம். வயசான மனுஷன், என் மனசு நோகக்கூடாதுன்னு, தப்பான புரொப்பல்லரோடு தினமும் கடலுக்குப் போயிருக்கார். அதுக்கப்புறம்தான் நான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சது, மெக்கானிக்கிடம் கேட்டது, நானே அளந்து பார்த்தது எல்லாம் சேர்த்து என் கருத்து இதுதான்: பழைய மோட்டாருக்குப் புரொப்பல்லர் வாங்கும்போது ஸ்பீடை மறந்துடுங்க. பிட்ச் குறைந்த, சாதாரண அலுமினியம் புரொப்பல்லர் வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க.

ஏன் என்று வரிசையாகச் சொல்றேன்.

எந்தப் புரொப்பல்லரிலும் இரண்டு எண் இருக்கும். 9¼ x 9 என்பது மாதிரி. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் இஞ்ச் கணக்கு. திருகாணி மரத்தில் இறங்குவதை நினைச்சுக்கோங்க. ஒரு முழுச் சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். விட்டத்தை நாம் இஷ்டத்துக்கு மாத்த முடியாது, மோட்டாரின் கீழ்ப்பாகம் அதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகிறது. நம்ம கையில் இருப்பது பிட்ச்தான்.

பிட்ச் என்பது பைக் கியர் மாதிரி. பிட்ச் அதிகம்னா டாப் கியர், குறைவுன்னா செகண்ட் கியர். பழைய பைக்கில் மூணு பேரை ஏத்திக்கிட்டு டாப் கியரில் மலை ஏறிப் பாருங்க, என்ன ஆகும்? அதைத்தான் நான் சித்தப்பாவுக்குப் பார்சலில் அனுப்பினேன்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கும்: முழுசாகத் திருகினால் எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று ஓடணும் என்று. சித்தப்பா மோட்டாருக்கு 4500 முதல் 5500. புரொப்பல்லர் தேர்வு முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிப் போச்சு. முழுப் பாரத்தோடு, முழுசாகத் திருகி, இந்த எல்லைக்குள் வந்தால் புரொப்பல்லர் சரி. கீழே நின்றால் பிட்ச் அதிகம். எஞ்சின் முக்கும், சூடாகும், கரி பிடிக்கும், எண்ணெயும் வீணாகும். மேலே போனால் பிட்ச் குறைவு, எஞ்சின் அலறும், அதுவும் கெடுதல்தான். ஒரு இஞ்ச் பிட்ச் குறைச்சால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுவான கணக்கு.

இங்கேதான் மோட்டாரின் வயசு வருது. கையேட்டில் எழுதியிருப்பது புது மோட்டாருக்கு. பதினாறு வருஷம் உப்புத் தண்ணியில் ஓடினதுக்கு கம்ப்ரெஷன் குறைஞ்சிருக்கும். போதாக்குறைக்கு மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஓடும்போது கிடைக்கிற சக்தி மண்ணெண்ணெயில் கிடைக்காது. மூடியில் 15 என்று ஸ்டிக்கர் இருக்கலாம், உள்ளே அத்தனை குதிரை இல்லை. சில குதிரைக்கு வயசாச்சு, சிலது ஓய்வு வாங்கிட்டுப் போயாச்சு. வாங்கின அன்று போட்டிருந்த அதே பிட்சைத் திரும்பப் போட்டாலும் அதிகமாகத்தான் இருக்கும். அந்த மும்பை மெக்கானிக் கேட்ட ஒரே கேள்விக்கு அர்த்தம் இதுதான்.

மோட்டாரைச் சரி பண்ணி, மெதுவாக ஓட்டிப் பதப்படுத்தினபிறகு, 2023 ஜனவரியில் அளந்து பார்த்தோம். ஸ்பார்க் பிளக் வயரில் மாட்டுகிற சின்ன டாக்கோமீட்டர் ஒன்று, வேகத்துக்கு என் போனில் இருக்கும் ஜிபிஎஸ். வலை, ஐஸ், நாலு ஆள், எல்லாப் பாரத்தோடும் போனோம்.

நான் அனுப்பின 11 இஞ்ச்: 4000 சுற்றுக்கு மேல் ஏறவே இல்லை. மோட்டாரின் கியர் விகிதம் 2.08. அப்படின்னா புரொப்பல்லர் நிமிஷத்துக்குச் சுமார் 1920 சுற்று. அதை 11 இஞ்சால் பெருக்கினால் மணிக்கு 32 கிலோமீட்டர் போயிருக்கணும். ஜிபிஎஸ் காட்டினது 13.

மெக்கானிக் கொடுத்த 8 இஞ்ச்: 4600 சுற்று. கணக்குப்படி மணிக்கு 27 கிலோமீட்டர். ஜிபிஎஸ் காட்டினது 15.

கணக்கில் வேகம் குறைஞ்சிருக்கு, தண்ணியில் கூடியிருக்கு! நடுவில் காணாமல் போகும் தூரத்துக்கு ஸ்லிப் என்று பெயர். புரொப்பல்லர் தண்ணியை உதைத்துத் தள்ளினால்தான் படகு முன்னே போகும், அதனால் ஸ்லிப் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பாரமான வள்ளத்துக்கு டாப் கியர் பிட்ச் கொடுத்தால் பாதிக்கு மேல் ஸ்லிப்பிலேயே போயிடும்.

வேகத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. எங்க பக்கத்தில் பல ஊர்களில் வள்ளத்தை மணலிலிருந்து நேரே அலைக்குள் தள்ளணும். ஒரு அலை உடைஞ்சு அடுத்தது வருவதற்குள் தாண்டிடணும். அந்தச் சில வினாடிகளில் வேண்டியது இழுவை, டாப் ஸ்பீடு இல்லை. அந்த நேரத்தில் மோட்டார் முக்கினால் வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பின வள்ளத்தை அலை என்ன செய்யும் என்று கடற்கரையில் பிறந்தவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலுக்கு அப்புறம், வானம் கறுத்தால் "கரைக்குத் திரும்பி வர மோட்டாருக்குத் தெம்பு இருக்கா" என்பதுதான் எங்க வீட்டுப் பெண்களின் முதல் கேள்வி. மூன்று இஞ்ச் பிட்ச் அந்தத் தெம்பை ஏத்தவோ இறக்கவோ செய்யும்.

அடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மச்சானின் பிடிவாதம் இதில்தான். நல்ல பொருள், மறுக்கவில்லை. றெக்கை மெலிசாக இருக்கும், வளையாது, ரொம்ப நாள் உழைக்கும். புது மோட்டார், ஆழமான தண்ணி, லேசான படகு என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பழைய மோட்டாருக்கு, பாறையும் மணல்திட்டும் இருக்கிற கரையில், அது வளையாமல் இருப்பதே பிரச்சினை. அலுமினியம் பாறையில் தட்டினால் றெக்கை வளையும் அல்லது உடையும், அடியை அதுவே வாங்கிக்கும். ஸ்டீல் வளையாததால் அந்த அடியின் பெரும்பங்கு உள்ளே ஷாஃப்டுக்கும் கியருக்கும் போகும். நடுவில் இருக்கும் ரப்பர் கொஞ்சம் தாங்கும், எல்லாத்தையும் தாங்காது. பழைய மாடலுக்கு கியர் செட் தேடி அலைஞ்சவங்களுக்குத் தெரியும், அது அப்பளமா, பெட்டிக்கடையில் வாங்க? உடைய வேண்டியது எது என்று நாம்தான் முடிவு பண்ணணும். விலை குறைஞ்சது உடையட்டும்.

ஸ்டீலுக்குக் கொடுக்கிற காசில் அலுமினியம் இரண்டு வாங்கி, ஒன்றை வள்ளத்திலேயே வைக்கச் சொல்லுங்க. கூடவே ஒரு ஸ்பேனர், நட்டு, வாஷர், காட்டர் பின். நடுக்கடலில் றெக்கை போனால் உதவுவது அதுதான்.

மூணு றெக்கையா நாலு றெக்கையா என்று கேட்பாங்க. நாலு றெக்கை மெதுவான வேகத்தில் நல்லாப் பிடிக்கும், பாரத்துக்கு நல்லது. ஆனால் அதே பிட்சில் போட்டால் சுற்று கொஞ்சம் இறங்கும், ஒரு இஞ்ச் குறைச்சு வாங்கணும். எனக்கு மூணே போதும்னு தோணுது, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி, புரொப்பல்லர் உண்மையிலேயே போச்சா என்றும் பாருங்க. பல புரொப்பல்லர்களில் நடுவில் ஒரு ரப்பர் புஷ் அழுத்தி வைத்திருக்கும். வயசானால் அது பிடி விட்டுச் சுழலும். அறிகுறி: மெதுவாகத் திருகினால் படகு போகும், கூடத் திருகினால் எஞ்சின் மட்டும் அலறும், படகு நகராது. சோதிக்கிறது ரொம்பச் சுலபம். உள் உருளையிலிருந்து வெளிப்பாகம் வரை குறுக்கே பெயின்டில் ஒரு நேர்க்கோடு போடுங்க. ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு இரண்டாகப் பிரிஞ்சு தள்ளி நின்றால் ரப்பர் போச்சு. றெக்கை நல்லா இருந்தால் சில மாடல்களில் ரப்பரை மட்டும் மாத்தலாம்.

சின்ன மோட்டார்களில் ரப்பருக்குப் பதில் ஷியர் பின் இருக்கும், குறுக்கே ஒரு சின்ன ஊசி. அடிபட்டால் அது முறிஞ்சு கியரைக் காப்பாத்தும். அடிக்கடி முறியுதேன்னு இரும்பு ஆணியை அடிச்சு வைக்கிறவங்க உண்டு. வீட்டு ஃப்யூஸில் கம்பி கட்டுகிற அதே புத்தி. வேண்டாம்.

வளைஞ்ச றெக்கையைச் சுத்தியலால் தட்டி நிமித்திப் போடுவதும் நம்ம ஊர் வழக்கம். அவசரத்துக்குக் கரை சேர ஓகே. அப்படியே மாசக்கணக்கில் ஓட்டினால் மூணு றெக்கையும் மூணு பிட்சில் இருக்கும், மோட்டார் நடுங்கும், அந்த நடுக்கம் பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்னும். சரியான அச்சில் வைத்து நிமித்தித் தரும் கடை பக்கத்தில் இருந்தால் மட்டும் ரிப்பேர். இல்லாவிட்டால் புதுசு.

புதுசு வாங்கும்போது பிட்சு மட்டும் பார்த்தால் போதாது. ஷாஃப்டில் எத்தனை பல் இருக்கு, எத்தனை தடிமன், புகை புரொப்பல்லரின் நடுவழியாகப் போகுதா வேறு வழியாகவா, எல்லாம் ஒத்துப் போகணும். யமஹா புரொப்பல்லர்களில் எண்களுக்குப் பின்னால் ஒரு எழுத்தும் இருக்கும், எந்தக் கியர்பாக்ஸுக்குப் பொருந்தும் என்பதற்கு. பழசின் மேல் பொறிச்சிருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. கழட்டின கையோடு ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுத்தியிருக்கா என்றும் பார்க்கச் சொல்லுங்க. அது ஆயில் சீலை அறுத்துடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி உள்ளே போயாச்சுன்னு அர்த்தம். அப்போ எந்தப் புரொப்பல்லரும் உங்களைக் காப்பாத்தாது. மாட்டும்போது ஷாஃப்டில் நல்ல கிரீஸ் தடவணும், இல்லாவிட்டால் அடுத்த முறை கழட்ட கடப்பாரைதான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடணும். "முதல்ல கரைக்கு வர்றவனுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. ஸ்பீடு வேண்டாமா?" என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் மேலே இருக்கு: 13-ஆ 15-ஆ? பிட்சைக் குறைச்சபோதுதான் வேகமே வந்தது. லேசான படகு, காயலில் இரண்டு பேரை ஏத்திக்கிட்டுப் போகிறது, சுற்று 5500-ஐத் தாண்டுது என்றால் அங்கே பிட்சைக் கூட்டத்தான் வேணும். அதனால்தான் அளந்து பாருங்க என்கிறேன். என் 8 இஞ்சைக் கண்ணை மூடிக்கிட்டு நீங்க வாங்கினால், நான் 11 வாங்கின கதைதான்.

"புது மோட்டாரே வாங்கிக் கொடுத்துடலாமே" என்றும் கேட்டான். காசு இருந்தால் வாங்கிக் கொடு. ஆனால் கடன் வாங்கி வேண்டாம். புரொப்பல்லர் சரியில்லாததால் முக்குகிற மோட்டாரை "வயசாச்சு" என்று ஒதுக்கிடறோம். முதலில் அதைச் சரி பண்ணிப் பார். (மனுஷங்க விஷயத்திலும் இதைத்தான் பண்றோம் என்று தோணுச்சு. மச்சானிடம் சொல்லலை.)

கடைசியாக, வெளியூரில் இருக்கிற நமக்கு ஒரு வார்த்தை. தூரத்தில் இருக்கிறோம் என்கிற குற்ற உணர்ச்சியைப் பெரிய பார்சலில் கட்டி அனுப்புகிற பழக்கம் நமக்கு இருக்கு. விலை அதிகமானது, பெருசு, பளபளப்பானது. அங்கே அதை வாங்குகிறவங்க "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வாங்க, பொருந்தாவிட்டாலும். எங்க சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேலாகக் கைப்பிடியைப் பிடிச்சவர். ஸ்டார்ட் பண்ணின சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் தெரியும். நான் அவரிடம் "எப்படி ஓடுது?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது "முன்னாடி எத்தனை பிட்ச் போட்டிருந்தீங்க, அலை தாண்டும்போது இழுக்குதா, பாரத்தோடு ஏறுதா?" என்று. இப்படிக் கேட்டால் "நல்லா இருக்கு மக்கா" என்று மழுப்ப முடியாது.

மச்சானிடமும் அதையே சொன்னேன். முதலில் உங்கப்பாவுக்கு போன் போடு. பழைய புரொப்பல்லரின் போட்டோ, மோட்டார் வாங்கின வருஷம், பெட்ரோலா மண்ணெண்ணெயா, பாரத்தோடு எத்தனை சுற்று. நாலும் வந்தால் நானே போய் வாங்கி அனுப்பறேன். நேத்து போட்டோ வந்துடுச்சு. மாமாவே வாய்ஸ் மெசேஜில் மோட்டார் சத்தத்தைப் பிடிச்சு அனுப்பியிருக்கார், மூணு நிமிஷம்.

அந்த 11 இஞ்ச் புரொப்பல்லர் இப்போ செம்பூரில் எங்க வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடக்கு. யாருக்காவது லேசான படகும் நல்ல மோட்டாரும் இருந்தால் சொல்லுங்க, சும்மாவே தரேன். ஆனால் மோட்டாருக்கு எத்தனை வயசு என்று கேட்டுட்டுத்தான் கொடுப்பேன்.

சரி, நேரமாச்சு. லோக்கலைப் பிடிக்கணும்.